சூடம் அணைக்காத டிரைவர்

"குடிச்சிட்டு வண்டிய மரத்துல வுட்ட ஆளு. அவனையே மறுபடியும் வேலைக்கு வச்சிக்கினு, என்னங்க இது?" தேவயானிக்கு மனசு ஆறவில்லை.

"போனாப் போறான் வுடு. மன்னிக்கிறவன்தான் மனுஷன்" என்றார் அவள் புருஷன் சீனுவாசன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்பவர். வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவார்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒலக்கூர் வளைவில் அவர்களுடைய புது எஸ்.யூ.வி. புளியமரத்தில் போய் முட்டியது. சாமி புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பிடிக்கலைங்க என்று டிரைவர் தேவசகாயம் கையைப் பிசைந்தார். புது வண்டியில் பிரேக் பிடிக்காதாமா? ஆள் குடித்திருப்பான் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தேவயானிதான் தட்டில் சூடம் ஏற்றி நீட்டினாள். குடிக்கவில்லை என்றால் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும்.

"எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதும்மா. பிரேக் பிடிக்கல, அவ்ளோதான்" என்று கையைக் கட்டிக்கொண்டார் தேவசகாயம்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அன்றைக்கே வேலை போச்சு. குடிகாரன் என்று பேர் விழுந்தவரை நம்பி வேறு யார் சாவி கொடுப்பார்கள்? பாவம், இந்த வயதில் மூட்டை தூக்கப் போனார்.

பிரேக்கை மாற்றியும் வண்டி திருந்தவில்லை. அது பாட்டுக்கு நடுவழியில் நின்றுபோனது. இந்தப் பேஜாரோடு மாரடிக்க முடியாது என்று அடுத்தடுத்து மூன்று டிரைவர்கள் ஓடினார்கள். அப்புறம்தான் சீனுவாசனுக்கு மன்னிக்கிற மனசு வந்தது. இன்றைக்குக் காலையில் சாவியை வாங்கும்போது தேவசகாயம் கண்கலங்கிவிட்டார்.

முணுமுணுத்தபடியே இன்ஷூரன்ஸ் காகிதத்தைத் தேடிய தேவயானி, பீரோவில் கார் கம்பெனியின் கடிதம் ஒன்றைப் பார்த்தாள். அவர்கள் வாங்கிய வருஷத்து வண்டிகளில் பிரேக் கோளாறு இருக்கிறது, உடனே கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தேதி, வண்டி மோதியதற்கு இரண்டு மாசம் முந்தியது. உறை எப்போதோ பிரிக்கப்பட்டிருந்தது.

 கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். அதே தட்டு. சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நின்று, கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"வண்டி மோதறதுக்கு முன்னால இந்த லெட்டர நீங்க படிக்கலன்னு அணைச்சுச் சொல்லுங்க."

சீனுவாசன் கடிதத்தைப் பார்த்தார். சூடத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சத்தியமே பண்ணக்கூடாதுன்னு தேவசகாயம் அன்னிக்கே சொன்னானேடி" என்றார்.