பால் பழம் கொடுக்கையில்

“தாலி கட்டுற வரைக்கும் பளிச்சுனு பென் டிரைவுல ஏத்திட்டேன்மா. அதுக்குப் பிறகு கேசட்டு பூராம் பூசணம். விட்டுருவோமா?” என்றார், போடியில் வீடியோ கடை வைத்திருக்கும் முபின்.

“தாலி கெடக்கட்டும் தம்பி. பால் பழம் கொடுக்கையில பொண்ணு சிரிச்சுப் பேசுமே, எனக்கு அதுதான் வேணும்” என்றாள் அமுதவள்ளி.

“இழுத்தா டேப்பு அறுந்துரும்மா.”

“அறுந்தா ஒட்டுங்க. மலையில போட்டுப் பாக்க டெக்கு இல்லாட்டியும், ஈரம் படக்கூடாதுன்னு ஏலக்காய் காயப்போடுற ஸ்டோர்லதான் இத்தனை வருசமா வச்சுக் காப்பாத்துனேன். போன மழையில கூரை ஒழுகிருச்சு. வாங்காம நான் மலையேற மாட்டேன்.”

சொன்னதோடு நிற்காமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டாள்.

முபின் டேப்பைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். கோடுகளுக்கு நடுவே மணப்பெண் சிரித்தாள். “அய்ய, போதும்! எம்புட்டு இனிப்பு!” என்று குரலும் கேட்டது.

“கல்யாணத்துல உங்க குரலு எப்படிக் கணீர்னு இருந்திருக்கு பாருங்கம்மா!”

“அது நான் இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரோட மூத்த சம்சாரம். ரோஜாவைப் பெத்த அன்னிக்கே போய்ச் சேந்துட்டா. புள்ளை என்னையத்தான் ஆத்தான்னு கூப்பிட்டு வளந்துச்சு.”

முபின் பஞ்சை எடுத்து டேப்பை இன்னொரு முறை துடைத்தார்.

“சத்தத்தக் கூட்டி வெரசா ஏத்துங்க தம்பி. நாளன்னிக்கு ரோஜாவுக்குக் கல்யாணம். பெத்தவ குரலை அது ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.”