றொசாந்தி இன்னும் பாஸாகவில்லை

“பிள்ளை மொக்கு இல்லைத் தம்பி. சோதினை எண்டால் ஒரு பயம், அவ்வளவுதான்.”

வந்தவன் கதிரையில் சரியாக இருக்கக்கூட இல்லை, அதற்குள் உதயகலா முந்திக்கொண்டாள். காலையிலிருந்து சமையலறைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம் அது.

வந்தவன் பெயர் மயூரதன். கரையோர மீன்பிடிக் குடும்பங்களிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பெண்பிள்ளைகளுக்கென்று ஓர் உதவித் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஏற்கெனவே பொறியியலாளராக வேலை பார்க்கும் ஓர் அக்காவைத் துணைக்கு விடுவார்கள். பிள்ளை பாஸாகும் வரைக்கும் போன் எடுத்து எதையும் கேட்கலாம். அந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பயன் உண்டா, எந்தத் துணையைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று பார்த்துவரத்தான் கொழும்பிலிருந்து மயூரதனை அனுப்பியிருந்தார்கள்.

உதயகலாவுக்கு வாய்த்த பிள்ளை குருநகர் றொசாந்தி. அவள் பெயில்.

மற்றப் பாடம் எல்லாம் பாஸ். குழாய்களில் தண்ணீர் ஓடுவதைக் கணக்குப் போடும் ஒரேயொரு பாடத்தில்தான் வருடா வருடம் விழுந்துகொண்டேயிருந்தாள். இருவரும் அதற்குத் ‘தண்ணிக் கணக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உதயகலாவோ ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் கந்தோரில் பொறியியலாளர். இவள் சொல்லிக்கொடுத்த பிள்ளை அந்தக் கணக்கிலேயே பெயில் என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா?

வெட்கம் போகட்டும். பயம்தான் அவளைத் தின்றது. துணையை நிறுத்திவிட்டால் இராச்சாப்பாட்டு நேரத்தில் வரும் றொசாந்தியின் அழைப்பும் நின்றுவிடும். அம்மா போன பிறகு மானிப்பாயில் அந்தப் பெரிய வீட்டில் அவள் தனி. சுவிஸில் இருக்கும் தம்பி எப்போதாவது போன் எடுப்பான், வீட்டை விற்கிற கதையைத் தொடங்குவான், வைத்துவிடுவான்.

“அக்கா, றொசாந்தியை நான் நேற்று கம்பஸிலை...” என்று தொடங்கினான் மயூரதன்.

“சந்திச்சனீங்களோ? ஏதும் கேட்டிருந்தால் குழம்பியிருப்பாள். அதை வைச்சு முடிவெடுக்காதேங்கோ.”

“அதில்லை அக்கா...”

“முதல்லை ரீயைக் குடியுங்கோ. நான் வடிவாச் சொல்லுறன்.”

அவனை வாய் திறக்க விட்டால்தானே! வீட்டில் நேருக்கு நேர் பேச ஆளில்லாமல் கிடந்த வாய், ஆள் கிடைத்ததும் ஓய மறுத்தது.

“அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு, சொந்தக்காரர் எல்லாம் வெளிக்கிட்ட அண்டிரவு போன் எடுத்தாள். ‘அக்கா, தண்ணிக் கணக்கு பிழைச்சுப்போச்சு. இனி ஒவ்வொரு நாளும் உங்களைக் கரைச்சல்படுத்தப்போறன்’ எண்டாள். செத்தவீட்டுக் களையிலையும் எனக்கு அவளை நினைக்கத்தான் பாவமாக் கிடந்தது.”

சொன்னபடியே றொசாந்தி ஒரு நாளும் தவறவில்லை. “சாப்பிட்டியளோ அக்கா, என்ன கறி?” என்று கேட்டுவிட்டுத்தான் கணக்குக்கு வருவாள். ஒரு துண்டுப் பாணைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டிருந்த உதயகலா, கேட்டால் சொல்வதற்கு ஒரு கறி வேண்டுமே என்றுதான் மறுபடி அடுப்பு மூட்டத் தொடங்கினாள். அதை மட்டும் அவள் மயூரதனிடம் சொல்லவில்லை.

“இப்ப நல்லா முன்னேறீட்டாள் தம்பி. முந்தநாள் நான் ஒரு கணக்கை விளங்கப்படுத்திக்கொண்டு போறன். ‘அக்கா, குழாயிலை உராஞ்சு குறையிறதையும் கழிக்க வேணுமெல்லோ’ எண்டு கேட்டாள். பாத்தால், மறந்தது நான்! எனக்கே பிழை பிடிக்கிறாள் எண்டால் யோசியுங்கோவன். இந்த முறை கட்டாயம் பாஸ்.”

மயூரதன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் எதையோ சொல்லலாமா விடலாமா என்ற தடுமாற்றம். அதைப் பார்த்ததும் உதயகலா முடிவுகட்டிவிட்டாள். நிறுத்தத்தான் போகிறான்.

“இன்னும் ஒரேயொரு வருசம் விடுங்கோ,” என்றாள். கண் கலங்கிவிட்டது. “சொல்லிக்குடுக்கிற நான் சரியில்லை எண்டு எழுதுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளையை இடையிலை விட்டிடாதேங்கோ. என்னை விட்டால் அவளுக்கு ஆர் இருக்கினம்?”

“அக்கா, நான் நேற்று அந்தத் தண்ணிக் கணக்கு வகுப்பிலை கடைசி வாங்கிலை இருந்து பாத்தனான்.”

“அப்ப அவளையும் பாத்திருப்பியள். எந்த வாங்கிலை இருந்தவள்? பின்னுக்கு ஒளிச்சு இருந்தவளோ?”



“இல்லை அக்கா. முன்னுக்கு நிண்டவ. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறதே அவதான்.”