எதிர்மனுதாரர் பட்டியல்

வாய்க்கால் தண்ணீரை ஆலைக்குக் கூடுதலாக ஒதுக்கியதை எதிர்த்து அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் வழக்குப் போட்டிருந்தார்கள். மனுவைத் திருத்த நீதிமன்றத்தில் அனுமதி கேட்கவேண்டும் என்று வக்கீல் கூப்பிட்டதுமே அண்ணன் குதித்தார்.

“நல்லாப் போற கேஸை எதுக்குடா திருத்தணும்? ஆளு விலை போயிட்டார். நேத்து ஆலைப் பக்கம் வாய்க்கால் கரையில அவரைப் பார்த்தவங்க இருக்காங்க!”

கடைமடையில் தம்பியின் பயிர் கருகிக்கொண்டிருந்தது. அண்ணனோடு வக்கீலின் அறையில் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டான்.

“கரைப் பக்கம் போனீங்களாமே சார்?”

“போனேன். ஆலைக்காரங்க எவ்வளவு எடுக்கறாங்கன்னு பார்க்க மதகுலேர்ந்து நடந்தேன். ஆலைக்கு முன்னாடியே ஒருத்தர் மண்ணுக்குள்ள குழாய் பதிச்சு உறிஞ்சிட்டிருக்கார். அவரையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும்.”

“தாராளமா சேர்த்துடுங்க சார்! எந்தப் புண்ணியவான் அவன்?”

வக்கீல் அண்ணன் பக்கம் திரும்பினார். “முதல்ல இவரை மனுதாரர் வரிசையிலேர்ந்து எடுக்கணும். அதுக்கும் சேர்த்துத்தான் அனுமதி கேக்கறோம்.”

அண்ணன் தம்பியின் கையைப் பிடித்தார். “தோப்பு காஞ்சிடுமேன்னுதான்டா தம்பி…”

தம்பி தன் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

“நீங்க வேற வக்கீலைப் பாருங்கண்ணே.”