நீரூற்றுத் தீர்மானம்

கொடுத்த நேரம் முடிந்ததும் அவள் கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அவள் அதை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள்.

பஸ் நடத்துனருக்கு மைக் எதற்கு? நிற்க இடமில்லாத வண்டியில் பின்படிக்கட்டு வரைக்கும் கேட்கிற குரல் அது. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். சீருடையைக் கூட மாற்றவில்லை. தோளில் தோல்பை தொங்கியது.

வீட்டுவரியை ஏற்றும் முன் ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் நகராட்சி மண்டபத்தில் இந்தக் கூட்டம்.

மேடையில் தலைவர், பக்கத்தில் பொறியாளர், இருபுறமும் உறுப்பினர்கள். அவர்களுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் நீரூற்றின் மாதிரி ஒன்று. நாற்சந்தியில் வரப்போகிறதாம். பளிங்குத் தொட்டி, வண்ண விளக்குகள், நடுவில் கையை விரித்து நிற்கும் பெண் குழந்தையின் வெண்கலச் சிலை.

போன மழையில் மூடியில்லாத கால்வாயில் ஒரு குழந்தை விழுந்து செத்துப்போனது. அதன் நினைவாக நீரூற்று. நீரூற்றுக்காக வீட்டுக்கு வீடு வரி.

காலையில் கடைத்தெருவில் எல்லோரும் குமுறத்தான் செய்தார்கள். இந்த வரியைக் கட்டுவதற்குப் பதில் கடைச் சாவியையே அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றார் சலவைக்கடைக்காரர். மண்டபத்துக்குள் வந்ததும் அவரும் அடங்கிவிட்டார். செத்த குழந்தையை முன்னால் நிறுத்திக் காசு கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

அவள் திறந்தாள்.

"கால்வாய் பராமரிப்புன்னு சொல்லி வருஷா வருஷம் எங்ககிட்ட வாங்குறீங்க. அந்தக் காசுல இந்த மண்டபத்துக்கு ஏசி வந்துச்சு. மெத்தை வச்ச நாற்காலி வந்துச்சு. நீரூற்று எப்படி இருக்கும்னு பாக்கக் குடும்பத்தோட வெளிநாடு போய்ட்டு வந்தீங்க. கால்வாய்க்கு ஒரு மூடி மட்டும் வரல. இன்னைக்கும் அது அப்படியேதான் கிடக்கு."

வேறு யாராவது பேசியிருந்தால் 'குடும்பத்தோட' என்ற இடத்தில் கூட்டம் சிரித்திருக்கும். கைதட்டியிருக்கும். இப்போது ஒரு நாற்காலி கூட அசையவில்லை. சலவைக்கடைக்காரர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்தைத் தலைவர் தன் பக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பொறியாளர் அவருடைய முழங்கையைத் தொட்டுக் காதில் ஏதோ சொல்லப் பார்த்தார். தலைவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, மைக்கை இழுத்து, குரலைக் கொஞ்சம் கனியவைத்துக்கொண்டார்.

"காசு காசுன்னு பேசுறீங்களேம்மா, நீங்களும் ஒரு பொம்பளைதானே? அந்தக் குழந்தையைப் பெத்த தாயே வந்து இதைத் திறந்து வைக்கப் போறாங்க. நீங்க பேசுறது அவங்க காதுல விழுந்தா அந்த மனசு என்ன பாடுபடும்?"

பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் தோல்பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பேசியபோது பஸ்ஸில் கேட்கிற குரல் இல்லை. வேறு நேரமென்றால் முன்வரிசைக்குக் கூடச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"திறந்து வைக்க நான் எதுக்கு சார்? திறந்து வைக்கிறதுலதான் நீங்க கெட்டிக்காரங்களாச்சே. எங்க தெரு முனையில நீங்க திறந்து வச்சதுலதான் என் பொண்ணு போய்ட்டா. மூடி வைக்கிற அன்னைக்குக் கூப்பிடுங்க. வரேன்."

தலைவர் அப்போதுதான் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். சாவு வீட்டுக்கு அவர் மாலையை மட்டும்தான் அனுப்பியிருந்தார்.

தீர்மானத்துக்கு ஆதரவாக மேடையில் ஒரு கையும் எழவில்லை. எதிர்த்தும் எழவில்லை. ஒத்திவைக்கப்படுகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் அதற்கு நிற்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் வீட்டுக்குப் போக அந்தத் தெரு முனையைத் தாண்டாமல் வேறு வழி கிடையாது.