திறந்தால் அடங்கிவிடும்

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். எந்தெந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரை அது. அந்த ஆளின் கம்ப்யூட்டர் உடனே பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டது.

பிராசசருக்கு வேலையே இல்லை. பின்னணியில் ஓடும் நிரல்கள் அத்தனையும் கைகட்டி உட்கார்ந்திருந்தன. இவ்வளவு ஒழுக்கமான கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை.

"நீங்க பாக்கும்போது மட்டும் இப்படி சமத்தா இருக்கு மேடம். மூடினதும் மறுபடி இரைஞ்சுகிட்டு, நகராம இழுக்க ஆரம்பிச்சிடும். சத்தியமா சொல்றேன்," என்றார் அவர் போனில்.

அவர் கணக்குப் பிரிவில் இருக்கிறவர். நான் வீட்டிலிருந்தபடியே கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அவருடைய புகாரை எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி மூடியிருந்தார்கள். வேலை செய்யாமல் கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறார் என்று மேலதிகாரி நினைக்கிறாராம். இப்போது தனக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்றார்.

நான் நம்புகிறேன் என்றேன்.

ஹாலில் ஏதோ இடிபடும் சத்தம் கேட்டது. மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன். அப்பா வாசல் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணன் இப்போது பேசுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். ஒரு மாதம் வந்து அப்பாவோடு இரு, நான் கொஞ்சம் தூங்கி எழுந்துகொள்கிறேன் என்று கெஞ்சியிருந்தேன். அப்பாவிடம் பேசிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தான்.

மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்தேன். திறந்து பார்த்தால் ஒளிந்துகொள்கிறது என்றால், திறக்காமல்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள், எதுவும் பேசாதீர்கள் என்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஃபேன் மெல்லச் சுழன்று, வேகம் பிடித்து, இரைய ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். இரைச்சல் இறங்கியது. மூடினேன். ஏறியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

யாரும் பார்க்காத நேரத்தில் எது ஓடுகிறது என்று ஓசைப்படாமல் குறித்துவைக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு திருட்டு நிரல் கையும் களவுமாக மாட்டியது. பிரிண்டருக்கு உதவுகிற நிரல் போல நல்ல பிள்ளையாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத எவனுக்காகவோ அவருடைய பிராசசரைப் பிழிந்துகொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மட்டும் நின்றுவிடும்படி அதை எழுதியிருந்தார்கள். அழித்தேன். நடந்ததை எழுதி, அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று மேலதிகாரிக்கும் சேர்த்து அனுப்பினேன்.

நன்றி சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குப் போய் இவ்வளவா என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அண்ணனின் வீடியோ அழைப்பு வந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகளின் முதுகுவலியை விசாரித்தார். பேத்திக்குப் பரீட்சை என்பதை நினைவு வைத்துக் கேட்டார். அண்ணன் புதிதாக வாங்கிய காரின் நிறத்தைக் கேலி செய்தார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

உடம்பு எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டதற்கு, எனக்கென்ன குறை என்றார் அப்பா.

"அதானே," என்றான் அண்ணன்.

போனைத் தள்ளி எடுத்துப் போய்ப் பேசினேன். அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், லீவு போட்டு வருகிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது என்றான். நான் எதையும் பெரிதுபடுத்துகிறவள் என்றான். அவன் கெட்டவன் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறான்.

கணக்குப் பிரிவுக்காரரிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னேன், அப்பா காதில் விழாமல். போனை வைக்காதே, எதுவும் பேசாதே. பிறகு, சரி அண்ணா, வைக்கிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு, போனைக் கொண்டுவந்து அப்பா பக்கத்து மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு அப்பா எழுந்தார். கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டினார். திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நேற்றுக் கன்றிப்போன இடத்திலேயே பிடித்தார்.

"சாவியைக் குடு. என் பொண்ணு பள்ளிக்கூட வாசல்ல தனியா நிக்கறா. யாரைக் கேட்டு என்னை இங்க அடைச்சு வச்சிருக்கே?"

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். அவள் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள், சாப்பிட்டுவிட்டாள். அப்பா நம்பவில்லை. கையை முறுக்கினார். நான் அழுதேன். அண்ணனுக்குக் கேட்க வேண்டும் என்று அழவில்லை, வலித்தது.

கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து, "அப்பா," என்று ஒரு குரல் வந்தது.

என் கை விடுபட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"யாரு, பெரியவனா? நான் நல்லா இருக்கேன்பா. எனக்கென்ன குறை."

இந்த முறை அண்ணன் அதானே என்று சொல்லவில்லை.