திறக்காத பாட்டில்கள்

நெலிதா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஞாயிறுதோறும் தான் எடுத்த படம் ஒன்றை இணையக் குழுவில் போட்டு, 'பாராட்டு வேண்டாம், குறையைச் சொல்லுங்கள்' என்று எழுதுவாள். எல்லோரும் இதயம்தான் போடுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சான் ஹுவான் நெடுஞ்சாலை ஓரத்தில், பாலைவனத்தில் தாகத்தால் செத்துப்போன ஒருத்திக்குச் சின்னக் கோவில் இருக்கிறது. லாரிக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நூற்றுக்கணக்கில் கிடக்கும். ஒரு ஞாயிறு அதைப் படமெடுத்துப் போட்டாள். அந்தப் படத்துக்கு மட்டும் ஒரு புதுக் கணக்கிலிருந்து பதில் வந்தது.

'தூரத்துல நின்னு எடுத்திருக்க. எல்லா பாட்டிலும் மூடியே இருக்கு. படத்துல தாகம் எங்க?'

நெலிதா உடனே தம்பியை எழுப்பினாள்.

“நல்லா இருக்குன்னா உனக்குக் கோவம் வருது. நல்லா இல்லன்னா என் பெட்ரோல் போகுது,” என்றான் ரமீரோ.

“ஒருத்தராவது உண்மையச் சொன்னாங்கல்ல. வண்டிய எடுடா.”

கோவிலுக்குப் போய், ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்து, மண்டியிட்டு, அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தாள். முதல் படத்தில் பாட்டில் நிறைந்திருந்தது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் காலி. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. கீழே மண் காய்ந்து கிடந்தது.

மூன்றையும் போட்டாள். அன்று மாலையே பதில் வந்தது.

'இப்பதான் இது படம். மத்ததையும் திறந்து எடு.'

அடுத்த ஞாயிறு ரமீரோ தானாகவே வண்டியை எடுத்தான். நெலிதா கேமராப் பைக்குள் ஒரு கட்டிங் பிளேயரும் வைத்துக்கொண்டாள். பழைய மூடிகள் வெயிலில் இறுகியிருக்கும்.