முகாமில் இருந்த நரிவால்

நரிகளின் கலகத்தை ஒடுக்கப் புலியரசர் வேட்டைநாய்ப் படையைக் காட்டுக்குள் அனுப்பியிருந்தார். அறுகம்புல் மேயப் போன மகன் வீடு திரும்பாததால், முயல் வெள்ளச்சி விடிந்ததும் படைமுகாமுக்குப் போனாள். மகன் அங்கே பிணமாகக் கிடந்தான். அவன் இடுப்பில் ஒரு நரிவால் கட்டப்பட்டிருந்தது.

“மோதலில் செத்த நரி இது,” என்றான் நாய்ப்படைத் தலைவன். “நரிதான்னு கைநாட்டு வச்சிட்டு உடலைத் தூக்கிட்டுப் போ.”

வெள்ளச்சி கைநாட்டு வைக்கவில்லை. வாலின் முடிச்சை அவிழ்த்து அவனிடமே நீட்டினாள்.

“ஐயா, போன வாரம் என் நாத்தனார் மகனுக்கும் இதைத்தானே கட்டினீங்க? மயிரெல்லாம் உதிர்ந்துபோச்சு பாருங்க. பத்திரமா வச்சுக்குங்க. இத்தனை நாள்ல நீங்க பிடிச்சது இந்த ஒரு வால்தானே!”

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். வாசலில் நின்ற நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டன.